‘தி ஹாபிட்’ விடுகதைக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ கதையைத் தழுவி ராங்கின்–பாஸ் நிறுவனத்தார் தயாரித்து, 1977 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அனிமேஷன் படத்துக்கு, என் அக்கா பிள்ளைகளுக்காகத் தமிழில் சப்டைட்டில் எழுதி வருகிறேன். (ஜப்பானின் டாப்கிராஃப்ட் கூடத்தில் வரையப்பட்ட அதன் பின்னணிக் காட்சிகளுக்காகவே படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம்.) பாட்டுகளை ஒருவாறு முடித்துவிட்டேன், விடுகதைப் போட்டியில்தான் சிக்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் விழுங்குவது எது என்று, போட்டியில் தோற்பவனைத் தின்னக் காத்திருக்கும் குகைவாசி கொல்லம் (Gollum) கேட்கிறான். விடை தெரியாத கதைநாயகன் பில்போ இன்னும் சற்று அவகாசம் கேட்டுக் கெஞ்ச வாயெடுக்க, பதற்றத்தில் ‘டைம்’ என்ற ஒரு சொல் மட்டுமே வெளிவருகிறது. அதுவே விடையாகவும் அமைந்துவிடுவதால் அவன் தப்பிக்கிறான். தமிழிலோ மலையையும் மன்னனையும் தின்பது காலம். கெஞ்சிக் கேட்பது நேரம். ‘நேரம்’ என்று எழுதினால் விடுகதையின் கனம் குறைகிறது. ‘காலம் கொடு’ என்றால் கடன்காரரிடம் தவணை கேட்பது போல் ஒலிக்கிறது. ‘டைம்’ என்றே விட்டுவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இரண்டு இடத்துக்கும் பொருந்தும் ஒரே சொல்லோ, விடுகதையையே வேறு விதமாக அமைக்கும் வழியோ உங்களுக்குத் தோன்றினால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். பில்போவின் பதில் நொடியில் முடிந்துவிடுவதால், பத்து வயதுப் பிள்ளை ஒரே பார்வையில் படித்துவிடும் அளவுக்கு வரி சிறியதாக இருக்க வேண்டும்.