கேரவன் வாழ்க்கையில் நாள்கள் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன: என்ன செய்யலாம்?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசி

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, டெம்போ டிராவலர் ஒன்றைப் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை ஆகிய வசதிகளோடு கேரவனாக மாற்றி, நானும் என் மனைவியும் ஊர் ஊராகச் சென்று வருகிறோம். தொடக்கத்தில் விடிந்தால் புது ஊர் என்பதே உற்சாகமாக இருந்தது. இப்போதோ எங்கே தண்ணீர் பிடிப்பது, இரவு எங்கே நிறுத்துவது, பேட்டரியில் எவ்வளவு மீதம் என்ற கணக்கிலேயே பொழுது போய்விடுகிறது; போன வாரம் கும்பிட்ட கோயில் எந்த ஊர்க் கோயில் என்று எங்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. தற்போது ஏற்காட்டில், தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட் வாசலில் நிற்கிறோம். அன்றன்றைய நாளை அன்றன்றே ரசிக்கும் மனநிலையை நீங்கள் எப்படித் தக்கவைத்துக்கொள்கிறீர்கள்? தியானமும் நாட்குறிப்பும் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

மறுமொழி: நாகலூர்க்காரன்

ஐயா, ‘விடிந்தால் புது ஊர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருபவர்களில் பலர் படகு இல்லம், பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று ஒரே பகலில் முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மறுநாள் அலுவலகம் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. நீங்களும் அதே அவசரத்தில் ஓடினால், கட்டிலையும் கூடவே சுமந்துகொண்டு அலைவது ஒன்றுதான் மிச்சம்.

இப்போது கோடை மழை ஒன்று விழுந்திருக்கிறது. அது போதுமான மழையாக இருந்தால், எட்டுப் பத்து நாள்களில் அரபிகா காபிச் செடிகள் கணுவுக்குக் கணு வெள்ளையாக, மல்லிகையை ஒத்த மணத்தோடு மொத்தமாகப் பூக்கும். இரண்டு மூன்று நாள்களில் அவ்வளவும் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அதுவரை வண்டியை நகர்த்தாமல், தினமும் ஒரே செடியைப் போய்ப் பாருங்கள். பச்சையாக இறுகி நிற்கும் மொட்டு, மழைக்குப் பின் நீண்டு, வெளுத்து, ஒரு விடியற்காலையில் விரிவதைக் காண்பீர்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நாள்கள் கலப்பதில்லை. அந்தப் பூ பழமாகிப் பறிப்புக்கு வர நவம்பர் ஆகிவிடும். அப்போதும் ஒருமுறை வாருங்கள்.

மறுமொழி: மலையடிவாரத்து அம்மா

தவறாக நினைக்க வேண்டாம், ஐயா: வண்டியில் சமையல் யார் செய்கிறார்கள்? ஏற்காடு ஏறத்தாழ 4,970 அடி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லையென்றால் பருப்பு வேகச் சேலத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். மூடுபனி இறங்கினால் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. இவற்றையெல்லாம் ஒருவரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மற்றவர் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து ‘நாளை ரசிப்பது’ எளிதுதான். என் கணவரோடு பயணம் செய்த காலத்தில், வேலைகளைப் பங்கிட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு மலை கண்ணில் பட்டது.

மறுமொழி: சோலார் ராசா

சார், தண்ணீர், கழிவுநீர், சார்ஜ் மூன்றையும் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்; அதன்பின் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் சோலார் பேனல் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், வெயிலடிக்கும் நேரத்திலேயே ஃபோன், லேப்டாப் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வது நல்லது. மற்றபடி, எல்லா நாளையும் ரசித்தே தீர வேண்டுமா? சலிப்பான நாளைச் சலிப்பாகவே விட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அஸ்தம்பட்டி வாசி

அனைவருக்கும் நன்றி. அம்மாவின் கேள்வியைப் படித்ததும் என் மனைவி ஃபோனைப் பிடுங்கி இரண்டாம் முறை உரக்க வாசித்தார். நாளை முதல் காலை உணவும் பாத்திரமும் என் பொறுப்பு. பூ முடியும்வரை இங்கேயே இருக்கிறோம். இறங்கும்போது குப்பனூர் வழியாகப் போகலாமா?

நாகலூர்க்காரன்

கனமான வண்டியென்றால் கொண்டை ஊசிச் சாலையே நல்லது, ஐயா. இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.