மேரி கட்டடம் "தானா விழுந்துச்சு"ன்னு சொல்ற மேதாவிகள் கவனத்துக்கு

திண்ணை1738:
பக்கத்து இழையில நம்ம ஸ்கொயர்ஃபீட் அண்ணாத்தே எழுதினதை அப்படியே ஒட்டறேன்: "பாண்டில நூறு வயசு தாண்டின வீட்டையெல்லாம் ஊர் நிர்வாகமே இடிச்சுத் தள்ளிடணும். அந்தக் காலத்துல நாட்குறிப்பு எழுதின ஆனந்த ரங்கப்பிள்ளை வீட்டை மட்டும் மியூசியமா வெச்சுக்கலாம். மேரி கட்டடமே மழையில தானா விழுந்துச்சு, மத்ததெல்லாம் எம்மாத்திரம்?"

தானா விழுந்துச்சாம். பழுத்த மாங்கா பாருங்க, தானா விழறதுக்கு. பீச் ரோட்டுல 1870கள்ல இருந்து நின்ன பிரெஞ்சு காலத்து நகர மண்டபம் அது. 2011 டிசம்பர் கடைசில நமக்கும் கடலூருக்கும் நடுவுல புயல் கரையேறி ஊர்ல பாதி மரம் சாஞ்சுது. மேரி சாயல. புயல் பேரே தானே. தானேல விழாதது 2014 நவம்பர் மழையில தானா விழுந்துச்சா? நடுவுல மூணு வருஷம் "சீரமைக்கணும், சீரமைக்கணும்"னு பேசிக்கிட்டே இருந்தாங்களே, அதுல விழுந்துச்சு.

ஸ்கொயர்ஃபீட்:
வந்துட்டாரு பாரம்பரியக் காவலர். சார், மழை பெஞ்சுது, கட்டடம் விழுந்துச்சு. புல்டோசர் யாராவது ஓட்டினாங்களா? இல்ல. வெடி வெச்சாங்களா? இல்ல. அப்போ அதுக்குப் பேரு தானா விழறதுதான். உள்ள ஆள் இல்லாததால உயிர்ச்சேதம் இல்லாமப் போச்சு. இதே கல்யாண வீடா இருந்திருந்தா? தெருவுல போற ஸ்கூல் புள்ளை மேல உங்க பாரம்பரியம் விழுந்தா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?

திண்ணை1738:
தானா விழலன்னு மூணு வரில சொல்லியாச்சு. திரும்பத் திரும்ப அதையே சொன்னா உண்மையாயிடாது.

ஸ்கொயர்ஃபீட்:
அதையேதான் நானும் உங்களுக்குச் சொல்றேன்.

முற்றத்துவீடு:
எல்லாருக்கும் வணக்கம். சண்டைக்கு நடுவுல ஒரு நிஜமான கேள்வி. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதில எங்க தாத்தா கட்டின வீடு இருக்கு. தெருவுல திண்ணை, உள்ள முற்றம், மாடில பிரெஞ்சு மாதிரி ஜன்னல். ஒரு ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு: பழுது பாரு, இல்லன்னா இடி. முற்றத்தைச் சுத்தி நாலு பக்கமும் உத்திரம் நல்லாத்தான் தெரியுது, ஆனா சுவருக்குள்ள போற முனையில ஸ்க்ரூடிரைவர் வெச்சுக் குத்தினா கைப்பிடி வரைக்கும் இறங்குது. இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் பொரிஞ்சு கொட்டுது. பார்த்த கான்ட்ராக்டர் எல்லாரும் "இடிச்சிடுங்க சார், அதான் லாபம்"ங்கறாங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் யாராவது தெரியுமா?

திண்ணை1738:
பாத்தீங்களா? இதைத்தான் சொல்றேன். தானா எந்த வீடும் விழறதில்ல. "இடிச்சிடுங்க, அதான் லாபம்"னு சொல்ற ஆளுங்க ஊர்ல நிறைஞ்சிருக்காங்க. தொண்ணூறுகள்ல பாரம்பரியத்தைப் பாதுகாக்கற இன்டாக் அமைப்பு கணக்கெடுத்தப்போ ஊர்ல 1,800க்கு மேல பாரம்பரியக் கட்டடம் இருந்துச்சு. இப்போ அதுல எத்தனை மிச்சம்னு ஒரு நாள் சைக்கிள்ல சுத்திப் பாருங்க. அத்தனையும் தானா விழுந்துச்சா அண்ணாத்தே?

மேஸ்திரிமவன்:
முற்றத்துவீடு சார், உங்க சுவருல தொண்ணூறுகள்ல சிமென்ட் பூசினாங்களா? பூசியிருப்பாங்க. சுண்ணாம்புச் சாந்துல கட்டின செங்கல் சுவரு தரையில இருக்கிற ஈரத்தை இழுக்கும், வெயில்ல வெளிய விட்டுடும். மேல சிமென்டை அப்பினா ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு உப்பு பூக்கும். அதான் இடுப்பு உயரத்துக்குப் பொரியுது. சிமென்டை மொத்தமா கொத்தி எடுத்துட்டு சுவரை ஒரு கோடை முழுக்க காய விடணும். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு.

உத்திரத்துக்கு மொட்டைமாடிதான் காரணம். மெட்ராஸ் டெரஸ்னா தேக்குக் கட்டை வரிசை, அதுக்கு மேல செங்கல்லைக் குத்துவாட்டத்துல கோணலா அடுக்கி, மேல ஜல்லிக்காரை போட்டு அடிச்சு, கடைசில தட்டோடு. மழைத்தண்ணி வெளிய போற தூம்பு அடைச்சுக்கிட்டா தண்ணி அங்கேயே நிக்கும், மெல்ல இறங்கி கட்டை முனையில போய் உக்காரும். கைப்பிடிச் சுவருல அரசங்கன்னு முளைச்சிருந்தா பிடுங்காதீங்க, வேர் உள்ள தங்கிட்டா மறுபடி வரும். முழுசா நல்லா இருக்கிற கட்டைக்கு முனையை மட்டும் அறுத்து ஒட்டுப் போடலாம். மொத்தத்தையும் மாத்தணும்னு சொல்றவன் தேக்கை எடுத்துட்டுப் போகப் பாக்கறான்.

மவுண்ட்ரோட்மைனர்:
மேஸ்திரிமவன் கடைசி வரிக்கு ஒரு சலாம். காரைக்குடி பழைய சாமான் கடைங்கள்ல நிக்கிற தூண், கதவு, நிலை எல்லாம் எங்கிருந்து வருதுங்கறீங்க? இடிக்கிற செலவு மிச்சம், மரம் வித்த காசு லாபம். செட்டிநாட்டு வீடுகள்லயும் இதேதான். முட்டை வெள்ளைக்கரு போட்டு மெருகேத்தின சுவரை எல்லாம் மண்ணாக்கி லாரில ஏத்தறாங்க.

காரைப்பூச்சு:
செட்டியார் வீட்டுல முட்டையா? சைவம் சார் அவங்க. இந்த முட்டைக் கதையை யார் கிளப்பி விட்டாங்கன்னே தெரியல.

மவுண்ட்ரோட்மைனர்:
தெரியலன்னா சும்மா இருக்கலாம். கடைசிப் பூச்சுக்கு வெள்ளைக்கரு கலந்து தேச்சாங்கன்னு அந்த ஊர் கொத்தனாருங்களே சொல்றாங்க. அப்புறம் எல்லாச் செட்டியாரும் சைவம்னு உங்களுக்கு யார் சொன்னது? செட்டிநாடு கோழின்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையா?

காரைப்பூச்சு:
ஹோட்டல் போர்டைப் பாத்து வரலாறு எழுதற ஆள்கிட்ட நான் பேசறதா இல்ல.

ஸ்கொயர்ஃபீட்:
சென்னைக்காரர் எங்க ஊர் பஞ்சாயத்துக்கு வந்தது சந்தோஷம். அப்படியே உங்க மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் பில்டிங் கதையையும் சொல்லுங்க. 1897 கட்டடம். 2006ல இடிக்க ஆரம்பிச்சாங்க. கேஸ் போட்டாங்க, 2010ல ஹைகோர்ட் இடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. சரி, காப்பாத்தியாச்சு. அப்புறம்? வருஷக்கணக்கா கூரை போன எலும்புக்கூடா நின்னுச்சே. நிக்கிறதுக்கு ஒரு தீர்ப்பு வாங்கினீங்க, ரிப்பேர் பண்ண ஒரு பைசா யாராவது கொடுத்தீங்களா? இதுதான் உங்க பாதுகாப்பு. உயிரோடவும் விடமாட்டீங்க, சாகவும் விடமாட்டீங்க. கடைசில மேரி மாதிரி தானா விழும்.

திண்ணை1738:
மறுபடியும் தானா! இடிக்க ஆரம்பிச்சவங்க கூரையைப் பிரிச்சாங்க. பிரிச்ச கூரை வழியா மழை உள்ள போகுது. நாளைக்கு விழுந்தா "தானா விழுந்துச்சு"ன்னு இதே ஆள் இதே இடத்துல எழுதுவாரு. எழுதி வெச்சுக்குங்க.

உங்களுக்கு மழைக்கதைதானே பிடிக்கும்? அதே 2014, ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம். 11 மாடி. நூறு வருஷப் பழசு இல்ல, குடியே வரல, கட்டிக்கிட்டே இருந்தாங்க. மழையில சரிஞ்சு 61 பேர் போனாங்க. பக்கத்துல இருந்த ஜோடிக் கட்டடத்தை 2016ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க. அதுவும் சுண்ணாம்பா? அதுக்கும் நூறு வயசா? புதுசு விழுந்தா கட்டினவன் தப்பு, பழசு விழுந்தா தானா விழுந்துச்சு. நல்லா இருக்கு உங்க நியாயம்.

ஸ்கொயர்ஃபீட்:
தலைப்பு பழைய வீடு. மவுலிவாக்கம் எங்கிருந்து வந்துச்சு? பதில் இல்லன்னா ஊர் மாத்தறது உங்க பழக்கம். போன வருஷம் வண்டி நிறுத்தற இழையிலயும் இப்படித்தான், கேட்டது பாண்டி, நீங்க போனது பாரிஸ்.

திண்ணை1738:
வண்டி நிறுத்தற இழையில யார் பதில் சொல்லாம ஓடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதைத் தோண்ட வேண்டாம். மவுலிவாக்கத்துக்குப் பதில் சொல்லுங்க.

கஃபேவெறுப்பாளன்:
ரெண்டு பேரும் நிறுத்தினா ஒரு விஷயம் சொல்வேன். மீட்டெடுத்தா மீட்டெடுத்தாங்கறீங்களே, மீட்ட வீட்டுல யார் இருக்கா? ஒயிட் டவுன்ல, அதான் பழைய பிரெஞ்சுப் பகுதில, மஞ்சள் சுவர், காகிதப்பூ, வாசல்ல வரிசையா செல்ஃபி. உள்ள போய் ஒரு காபி குடிக்க பிராமிசரி நோட் எழுதணும். எங்க பாட்டி காலத்துல அந்தத் தெருவுல நடந்து போன குடும்பம் இன்னிக்கு லாஸ்பேட்டையில வாடகைக்கு இருக்கு. இடிச்சாலும் நமக்கு இல்ல, மீட்டாலும் நமக்கு இல்ல.

திண்ணை1738:
ஒயிட் டவுனைப் பத்தி யார் பேசினா? தமிழ்ப் பகுதில வைசியாள் வீதி போய்ப் பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட ஆசியா அர்ப்ஸ் திட்டத்துல முகப்பைச் சரி பண்ணி, திண்ணையும் தாழ்வாரமும் தெரு நெடுக ஒரே வரிசையா திரும்ப வந்துச்சு. 2008ல யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது. ரங்கப்பிள்ளை 1738ல கட்டின வீட்டுலயே கீழ மரத்தூண், மேல பிரெஞ்சுத் தூண். 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே தரைமட்டமாக்கினான், அந்த வீடு நின்னுச்சு. பீரங்கிக்கே தானா விழல.

கஃபேவெறுப்பாளன்:
முகப்பு. அந்தச் சொல்லை நீங்களே எழுதிட்டீங்க, நன்றி. வெளிய விருது, உள்ள ஒழுகல்.

ஸ்கொயர்ஃபீட்:
ஹாஹா. கஃபே பாயிண்ட் பிடிச்சாரு. அப்புறம் திண்ணை சார், மேரியை மறுபடி கட்டினாங்களே, உலக வங்கிக் கடன்ல. 2021 பிப்ரவரில பிரதமர் திறந்து வெச்சாரு. பழைய மாதிரியே இருக்கு, பீச்ல போறவன் எவனுக்கும் வித்தியாசம் தெரியல. விழுந்தா இதே மாதிரி புதுசா கட்டிக்கலாம். எதுக்கு ஒப்பாரி?

திண்ணை1738:
அப்போ விழறதுக்கு முன்னாடி அதே காசுல கொஞ்சத்தை எடுத்து கூரையைப் பாத்திருக்கலாமே? கட்டறதுக்குக் கோடி கோடியா கிடைக்குது, ஒழுகலை அடைக்கக் கிடைக்கல. இதுக்குப் பேரு தானா விழறது. அப்புறம் எல்லா வீட்டுக்கும் உலக வங்கி வருமா? முற்றத்துவீடு சாருக்கு வாங்கித் தருவீங்களா?

முற்றத்துவீடு:
என் பேரு வந்ததால கேக்கறேன். மேஸ்திரிமவன் சொன்ன மாதிரி சிமென்ட் பூச்சு 94ல பூசினதுதான். ஒட்டுப் போடற தச்சர் பாண்டில இருக்காரா? இன்னொரு சிக்கல், பாகப்பிரிவினை ஆகல. சித்தப்பா பிரான்ஸ்ல, சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) குடும்பம், பென்ஷன் வருது, இந்த வீட்டைப் பத்திக் கவலை இல்ல. ரிப்பேருக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. விக்கறதுன்னா மட்டும் மறுநாளே ஃபிளைட் ஏறி வர்றேங்கறாரு.

ஸ்கொயர்ஃபீட்:
இதான் நிஜம். உங்க சித்தப்பா புத்திசாலி. அஞ்சு பங்காளி, ஒரு ஒழுகற கூரை. இடிச்சு நாலு மாடி கட்டினா ஆளுக்கு ஒரு ஃபிளாட். சாருங்க உங்களுக்கு யுனெஸ்கோ சர்டிபிகேட் தருவாங்க, அதை ஃபிரேம் போட்டு ஒழுகற இடத்துல மாட்டிக்குங்க.

திண்ணை1738:
கமிஷன் எத்தனை பர்சென்ட் அண்ணாத்தே? கூச்சப்படாம சொல்லுங்க.

ஸ்கொயர்ஃபீட்:
தனிநபர் தாக்குதல். மட்டுறுத்துநர் பாக்கறாரா? நான் புரோக்கர் இல்ல. எங்க வீடும் அறுபது வருஷம் பழசுதான்.

மட்டுறுத்துநர்:
கமிஷன், புரோக்கர் போன்ற சொற்கள் வேண்டாம். தலைப்பை ஒட்டி எழுதவும். முட்டை விவாதத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன்.

காரைப்பூச்சு:
தனி இழை எதுக்கு? அது முடிஞ்சு போன விஷயம். சைவ வீட்டுல முட்டை கிடையாது.

மவுண்ட்ரோட்மைனர்:
முடிஞ்சு போச்சா? யார் முடிச்சா?

ஓமந்தூரான்:
இப்பதான் முழுசா படிச்சேன். புது மாதிரியா கட்டிக்கலாம்னு சொல்ற ஸ்கொயர்ஃபீட்டுக்கு ஒரு தகவல். சென்னைல ஓமந்தூரார் தோட்டத்துல கவர்னர்கள் இருந்த பழைய வீட்டை இடிச்சாங்க. பக்கத்துல இருந்த ராஜாஜி ஹால் மட்டும் தப்பிச்சுது. இடிச்ச இடத்துல சட்டசபை கட்டி 2010ல திறந்தாங்க. ஆட்சி மாறுச்சு, 2014ல அது ஆஸ்பத்திரி. இடிக்கறப்போ "ஊருக்குத் தேவை"ன்னுதான் சொன்னாங்க. எந்தத் தேவைக்கு இடிச்சாங்களோ அது நாலு வருஷம்கூட தாங்கல.

ஸ்கொயர்ஃபீட்:
ஆஸ்பத்திரில தினம் எத்தனை ஏழைங்க போறாங்க தெரியுமா? கவர்னர் வீட்டுல யார் போனாங்க? நீங்களே எனக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கறீங்க.

திண்ணை1738:
ஆஸ்பத்திரிக்கு யார் எதிரி? பேச்சை மாத்தாதீங்க. 2024 ஃபெஞ்சல் புயல்ல ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. ரெயின்போ நகர்ல புது வீடுங்கள்ல தரைத்தளம் முழுக்கத் தண்ணி. எங்க தெருவுல நூறு வயசு வீடு எல்லாம் நின்னுச்சு, என் வீடும் சேர்த்து. மழைதான் காரணம்னா அன்னிக்கு எங்க தெருவே இருந்திருக்கக் கூடாது.

ஸ்கொயர்ஃபீட்:
வெள்ளம் வேற, விழறது வேற. பள்ளத்துல இருக்கிற நகருக்கும் மேட்டுல இருக்கிற தெருவுக்கும் முடிச்சுப் போடறீங்க. மேரி விழுந்துச்சா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

திண்ணை1738:
விழ விட்டாங்க.

ஸ்கொயர்ஃபீட்:
அது ரெண்டு வார்த்தை. விழுந்துச்சா இல்லையா?

மேஸ்திரிமவன்:
முற்றத்துவீடு சார், தச்சர் நம்பரை உங்களுக்குத் தனிச்செய்தில அனுப்பியிருக்கேன். மழைக்கு முன்னாடி தூம்பைச் சுத்தம் பண்ணுங்க, சித்தப்பா கையெழுத்து அதுக்கு வேணாம். கட்டை முனைக்குக் கீழ முட்டுக் கொடுத்து வைங்க.

திண்ணை1738:
தச்சர் எல்லாம் அப்புறம். மவுலிவாக்கத்துக்கு இன்னும் பதில் வரல. நான் இங்கேயேதான் இருக்கேன்.

ஸ்கொயர்ஃபீட்:
நானும் எங்கயும் போகல. தூங்கிட்டு காலைல வர்றேன்.

காரைப்பூச்சு:
மட்டுறுத்துநர் ஐயா, முட்டை இழைக்குத் தலைப்பு "செட்டிநாட்டு முட்டைப் பூச்சு"ன்னு வெச்சிருக்கீங்க. அதை மாத்துங்க. தலைப்புலயே தீர்ப்பு சொன்னா எப்படி?