மறு: டேலிலிக்குத் தமிழில் என்ன பெயர்? (நாட்பூ, பொன்னூசி)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டேலிலி என்ற பூச்செடிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை வந்த எல்லா மடல்களையும் படித்தேன். பகலல்லி, நாளல்லி, நாட்காந்தள், அன்றலரி, டேலில்லி என்று ஐந்து பெயர்கள் வந்திருக்கின்றன. இந்தச் செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துச் சமைத்தும் சாப்பிடுகிறவன் என்ற முறையில் இந்த ஐந்தில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

> லிலி என்றால் அல்லி, டே என்றால் பகல். பகலல்லி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க நிறைய இருக்கிறது ஐயா. முதலில் பகலைப் பார்ப்போம். இந்த இனத்தில் பூ ஒரு நாள்தான் இருக்கும். பெயர் அதைத்தான் சொல்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்த இனத்துக்கு ஹெமரோகாலிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தபோது, நாள் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லையும் அழகு என்ற பொருள்தரும் சொல்லையும் சேர்த்தார். பகலில் பூப்பது என்று கொண்டால் ஒரு முக்கியமான சிற்றினமே வெளியே போய்விடும். சீனாவில் உணவுக்காகப் பெருமளவில் பயிராகும் ஹெமரோகாலிஸ் சிட்ரினா மாலை மங்கும்போது விரியத் தொடங்கி, இரவெல்லாம் மணம் வீசி, மறுநாள் வாடிவிடும். அதற்குப் போய்ப் பகலல்லி என்று பெயர் வைப்பது பொருந்தாது.

அடுத்து அல்லி. நமக்கு அல்லி என்றால் குளத்தில் பூப்பது. தாவரவியல் பாடத்திலும் அல்லிவட்டம், புல்லிவட்டம் என்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. டேலிலியோ நிலத்துச் செடி, வெயில் விரும்பி. உண்மையான லிலியான லிலியத்தின் குடும்பத்தில்கூட அது இப்போது இல்லை. இன்றைய வகைப்பாட்டில் அஸ்ஃபோடெலேசியே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சோற்றுக்கற்றாழையும் அதே குடும்பம்தான். ஆக, இது அல்லிக்கும் உறவில்லை, லிலிக்கும் நெருங்கிய உறவில்லை, கற்றாழைக்குப் பங்காளி.

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். இது சாப்பிடும் செடி. பெயரைப் பார்த்துத்தான் ஒருவர் செடியை வாங்குவார், பறிப்பார், வாணலியில் போடுவார். நம் ஊர் நாற்றங்கால்களில் லில்லி என்று விற்கும் செடிகளை எண்ணிப் பாருங்கள். மழை பெய்ததும் பூக்கும் ரெயின் லில்லி, வெள்ளைப் பூவோடு கால் நீட்டிய ஸ்பைடர் லில்லி, வீட்டுக்குள் வைக்கும் பீஸ் லில்லி, பந்துபோலப் பூக்கும் ஃபுட்பால் லில்லி. இவற்றில் ஒன்றும் சாப்பிடக் கூடியதில்லை. சில கடுமையாக வாந்தி எடுக்கவைக்கும். ‘டேலில்லி சாப்பிடலாமாம்’ என்ற பேச்சு ஒரு வாட்ஸ்அப் குழுவில் போனால் நாலாவது கையில் ‘லில்லி சாப்பிடலாமாம்’ என்றுதான் போய்ச் சேரும். அதனால்தான் ஒலிபெயர்ப்பும் வேண்டாம் என்கிறேன்.

நாட்காந்தள் இதைவிட ஆபத்து. செம்மஞ்சள் நிறம், பின்னோக்கி வளையும் இதழ், நீண்ட மகரந்தத்தாள் என்று பார்க்கச் சற்றே ஒத்துப்போவதால் நண்பர் அந்தப் பெயரைச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் செங்காந்தள் யார்? கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று ஊரில் அஞ்சிச் சொல்லும் அதே கொடிதான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் அதை விதைக்காகப் பயிரிடுவதே கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருளுக்காகத்தான். அளவு மீறினால் அது ஆளைக் கொல்லும். சாப்பிடும் பூவுக்குக் காந்தள் என்ற சொல்லை ஒட்டாகக்கூட வைக்கக் கூடாது.

அன்றலரி கேட்க அழகாகவே இருக்கிறது. அன்று அலர்ந்தது என்று பிரிக்கிறார் நண்பர். ஆனால் கேட்கிறவர் காதில் அலரி என்றுதான் விழும். அலரி என்றால் அரளி. அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்புறம் என்னதான் பெயர்? இங்கேதான் செடியைக் கொஞ்சம் பழகிப் பார்க்க வேண்டும்.

நான் இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைப் பக்கம் ஜூன், ஜூலையில் எந்தச் சாலையோரப் பள்ளத்தைப் பார்த்தாலும் செம்மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது ஹெமரோகாலிஸ் ஃபுல்வா. ஆசியாவிலிருந்து ஐரோப்பா வழியாகத் தோட்டச் செடியாக வந்து, வேலி தாண்டிப் போய்விட்டது. இங்கே பரவலாக உள்ள வகை மும்மயம் (குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ளது), விதை வைக்காது. ஆனாலும் மண்ணுக்கடியில் தண்டு ஓடி ஓடியே ஊரைப் பிடித்துக்கொண்டது. சில மாநிலங்களில் இதை ஊடுருவும் செடிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நியூயார்க் தாவரவியல் பூங்காவில் வேலைசெய்த ஏ. பி. ஸ்டவுட் போன்றவர்கள் கலப்பினம் செய்யத் தொடங்கி, இன்று பதிவான வகைகள் 80,000க்கும் மேல் போய்விட்டன. வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, ஊதா என்று ஏறக்குறைய எல்லா நிறமும் உண்டு. 1975இல் வந்த ஸ்டெல்லா டி ஓரோ என்ற குட்டை மஞ்சள் வகையை இங்கே கடைவாசல்களில்கூட நட்டிருப்பார்கள். ஒரு தடவை பூத்து ஓய்ந்ததும் மறுபடி பூக்கும் என்பதுதான் அதன் பெருமை.

வளர்ப்பது எளிது. நல்ல வெயில் ஆறு மணிநேரமாவது வேண்டும். வேரும் இலையும் சேரும் இடம் மண்ணுக்குக் கீழே ஓர் அங்குலத்தில் இருந்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் பூ குறையும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும். இதற்கு ஆங்கிலச் சொல்லைத் தேடி ‘வகுத்தல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வேண்டாமே. நெல்லுக்கும் புல்லுக்கும் நாம் சொல்லும் தூர் இருக்கிறது. தூர் பிரித்து நடுதல் என்றாலே எந்த விவசாயிக்கும் புரியும். இலைகள் அடியிலிருந்து இருபுறமும் விரிந்து நிற்பதை விசிறி என்றே சொல்லிவிடலாம். இலையே இல்லாமல் அடியிலிருந்து நேராக எழுந்து மொட்டுகளைத் தாங்கும் தண்டுக்குப் பூந்தாள் என்று முன்மொழிகிறேன். தாமரைத்தாள், ஆம்பல்தாள் என்று சொன்ன மொழிக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒரு பூந்தாளில் பத்துப் பதினைந்து மொட்டுகள் வரும். ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு விரிந்து, மறுநாள் வாடித் தொங்கும். அதனால் ஒரு பூ ஒரு நாள்தான் என்றாலும் செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும்.

இந்த இயல்பை வைத்து நாண்மலர் என்று சொல்லலாமே என்று எனக்கு முதலில் தோன்றியது. சங்கப் பாட்டிலேயே உள்ள சொல். ஆனால் அங்கே அது அன்று மலர்ந்த எந்தப் புதுப்பூவையும் குறிக்கிறது. அந்த அழகான பொதுச்சொல்லை ஒரு செடிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. நாட்பூ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. பொருள் அதேதான், சொல் சிறியது, நாவில் தடுக்காது. செம்பருத்தியும் ஒருநாள் பூதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பெயர் என்பது இலக்கணம்போல மற்றதையெல்லாம் விலக்கிக் காட்ட வேண்டியதில்லை. அந்தியில் பூப்பது அந்திமந்தாரை மட்டுமா? நாள்தோறும் பூப்பது நித்தியகல்யாணி மட்டுமா? பூக்கும் பொழுதை வைத்துப் பெயரிடுவது நம் வழக்கம். அந்த வரிசையில் நாட்பூ இயல்பாகவே உட்காரும்.

ஆனால் ஒரு பெயர் போதாது. சமையலறைக்குத் தனியாக ஒன்று வேண்டும். வாழையும் வாழைப்பூவும் போல இங்கே முடிக்க முடியாது. ஏனென்றால் கடையில் கிடைப்பது விரிந்த பூவே இல்லை. உலர்ந்த மொட்டு. சீனாவில் ஷான்சி மாகாணத்து தாதோங் பக்கம் சிட்ரினாவை வயல்வயலாக வளர்க்கிறார்கள். மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது என்பதால், விடியுமுன்பே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பறிக்க இறங்குகிறார்கள். பறித்ததை ஆவியில் வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். தைவானில் ஹுவாலியன் மலைகளிலும் இதே தொழில் உண்டு, அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் மலைச்சரிவே செம்மஞ்சளாக இருக்கும். காய்ந்த மொட்டு நீளமாக, மெல்லியதாக, பொன்பழுப்பாக இருக்கும். சீனர்கள் அதைத் தங்க ஊசி என்கிறார்கள், மஞ்சள்பூக் காய்கறி என்றும் சொல்வதுண்டு. மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் கிம் சியாம் என்று சீனச் சைவக் கடைகளில் பார்த்திருப்பார்கள். அதுவும் அதே தங்க ஊசிதான்.

அதனால் உணவுக்குப் பொன்னூசி என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

> ஊசி என்றால் ஊசிப்போனது என்று எடுத்துக்கொள்ளமாட்டார்களா?

மாட்டார்கள் அம்மா. ஊசிமிளகாய், ஊசிமல்லி எல்லாம் நம்மிடம் இருக்கின்றனவே. தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா என்ற பழமொழியும் எல்லார் வாயிலும் இருக்கிறது. அந்தச் சொற்கூட்டு புதிதே இல்லை.

உலர்ந்த பொன்னூசியை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, காம்புப் பக்கத்துக் கெட்டி நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு முடிச்சுப் போட்டுக் கொதிக்கும் சூப்பில் போடுவார்கள். முடிச்சுப் போட்டால் வெந்தாலும் பிரியாது, கடிக்கவும் நன்றாக இருக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். கண்ணைப் பறிக்கும் வெளிர்மஞ்சளில் கிடைப்பதை வாங்காதீர்கள், கந்தகப் புகை போட்டிருக்க வாய்ப்பு உண்டு. தோட்டத்து மொட்டு என்றால் விரல்நீளம் வந்து, விரிவதற்கு முந்தைய நாள் பறிக்க வேண்டும். கொதிநீரில் நன்றாக வேகவைத்து நீரை வடித்தபின் கடுகு, உளுந்து, பச்சைமிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவிப் புரட்டினால், பிஞ்சு பீன்ஸ் பொரியல்போல லேசான இனிப்போடு, வெண்டைக்காயின் சிறு வழவழப்போடு இருக்கும். என் வீட்டில் இதற்குத்தான் போட்டி. பூவைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜியும் போடலாம். மகரந்தத்தைக் கிள்ளிவிட்டுப் போடுங்கள்.

பச்சையாக நிறையத் தின்றால் வயிற்றைக் கலக்கும். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கொரியாவில் இளந்தளிரை வொன்சூரி என்று கீரையாகச் செய்கிறார்கள், வேகவைத்து நீரில் ஊறவிட்டுத்தான் பிசைவார்கள். அங்கேயும் வெராட்ரம் என்ற நச்சுச்செடியின் தளிரை வொன்சூரி என்று எண்ணிப் பறித்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. பூக்காத நிலையில் ஐரிஸ், நார்சிசஸ் தளிரும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் பூவைப் பார்த்து உறுதிசெய்யாத செடியிலிருந்து தளிர் பறிக்கவே கூடாது. சாலையோரத்துச் செடி வேண்டாம், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். கடையில் வாங்கிய புதுச் செடியையும் முதல் ஆண்டு பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துருநோய்க்கு மருந்து தெளித்த செடிக்கும் இதே விதி.

டேலிலிச் செடி மனத்துயரை மறக்கடிக்கும் என்று சீனர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. துயர்மறக்கும் பூண்டு என்றே இன்னொரு பெயர். தாயைக் குறிக்கவும் இந்தச் செடியின் பெயரையே வழங்கியிருக்கிறார்கள். இதை வைத்துத் துயர்மறதி என்று பெயரிடலாமா என்று கேட்ட நண்பருக்கு: நமக்கு அசோகம் ஏற்கெனவே அந்தப் பொருளில் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

ஆக, கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்: இனத்துக்கும் செடிக்கும் நாட்பூ, உண்ணும் மொட்டுக்குப் பொன்னூசி, அதோடு விசிறி, பூந்தாள், தூர். சிற்றினங்களுக்கு ஃபுல்வாவைச் செந்நாட்பூ என்றும், சிட்ரினாவை மஞ்சள் நாட்பூ என்றும் சொல்லலாம். சிட்ரினாவுக்கு இரவு நாட்பூ என்று வைக்க நான் எதிர்ப்பு. அது படிப்பவரைக் குழப்பும்.

பட்டியலைத் தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாட்பூ என்ற பதிவின் விளக்கத்திலேயே இரண்டு செய்திகளைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, லிலியம் செடியில் கிழங்கு செதில்செதிலாக இருக்கும், இலைகள் தண்டு நெடுக ஏறும். நாட்பூவில் அப்படிக் கிழங்கு கிடையாது, வேர்கள்தான் ஆங்காங்கே பருத்திருக்கும், இலைகள் எல்லாம் அடியில் விசிறியாக நிற்கும். இரண்டு, மனிதர்கள் சாப்பிட்டாலும் பூனைக்கு இது நஞ்சு. இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் சிறுநீரகம் செயலிழக்கும். பூனை வளர்ப்பவர்கள் இந்தச் செடியை நடவும் வேண்டாம், பூவைப் பறித்து வீட்டுக்குள் வைக்கவும் வேண்டாம்.

பூந்தாளுக்கு மாற்றாக உழவர் வழக்கில் வேறு சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சம்பங்கி பயிரிடுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கலாம்.

அன்புடன்,
உங்கள் குழும நண்பன்