எல்போ பேண்ட் கட்டியும் வலி குறையவில்லை: எங்கே கட்டணும், எவ்வளவு இறுக்கணும்?

உளியும்_சுத்தியும்:
வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஆறு வாரமாக வலி. டாக்டர் டென்னிஸ் எல்போ என்றார். ஸ்க்ரூ டிரைவர் திருகும்போதும், வாளியைத் தூக்கும்போதும் சுளீரென்று இழுக்கிறது. மெடிக்கலில் வெல்க்ரோ பேண்ட் வாங்கினேன், உள்ளே ஒரு சின்ன ஜெல் பேட் இருக்கிறது. வலிக்கிற எலும்பின் மேலேயே பேட் உட்காரும்படி நன்றாக இறுக்கிக் கட்டுகிறேன், தூங்கும்போதும் கழற்றுவதில்லை. பத்து நாளில் வலி கூடித்தான் இருக்கிறது. புறங்கையில் கட்டைவிரல் பக்கம் மரத்தும் போகிறது. பேண்ட் சரியில்லையா, நான் கட்டுவது சரியில்லையா?

பிசியோ_மதுரை:
கட்டும் இடம்தான் தப்பு. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் அந்த எலும்பு முனையில்தான் தொடங்குகின்றன. எலும்போடு ஒட்டும் தசைநாண்தான் புண்பட்டிருக்கிறது. அதன் மேலேயே பேடை வைத்து அமுக்கினால் வலி கூடாமல் என்ன செய்யும்? கொஞ்சம் கீழே தசையின் சதைப்பகுதியை அமுக்கிப் பிடித்தால், கை இறுகும்போது வரும் இழுப்பு முழுதாக எலும்புவரை போகாது. பேண்ட் செய்யும் வேலை அவ்வளவுதான்.

முழங்கையை மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி மேசையில் வையுங்கள். வலிக்கிற எலும்பைத் தொட்டு, அங்கிருந்து மணிக்கட்டுப் பக்கமாக இரண்டு விரல் அகலம், சுமார் 3 செ.மீ., இறங்குங்கள். அங்கே விரலை வைத்துக்கொண்டு மணிக்கட்டை மேலே தூக்கினால் ஒரு சதை திரளும். பேட் அதன் மேல் வரணும். லேசாக முஷ்டி பிடித்தபடி வெல்க்ரோவை ஒட்டுங்கள். கையைத் தளர்த்தினால் பேண்டுக்குள் ஒரு விரல் நுழையணும், இறுக்கிப் பிடித்தால் மட்டும் பேட் அமுக்குவது தெரியணும்.

கட்டியதும் சோதித்துப் பாருங்கள். பேண்ட் இல்லாமல் ஈரத் துண்டை ஒருமுறை பிழியுங்கள், பிறகு பேண்டோடு பிழியுங்கள். சரியான இடமென்றால் வித்தியாசம் உடனே தெரியும். தெரியாவிட்டால் பேடை 1 செ.மீ. கீழே, அல்லது சற்று உள்பக்கமாக நகர்த்தி மறுபடி பிழியுங்கள். நாலைந்து இடம் மாற்றியும் வலி குறையவில்லையென்றால் அந்தப் பேண்ட் உங்களுக்கு உதவாது, கட்டாமலே விடுங்கள்.

ராக்கெட்_ரவி:
இரவில் கட்டவே வேண்டாம். தூக்கத்தில் அந்தத் தசைக்கு வேலையே இல்லை, ரத்த ஓட்டம்தான் தடைபடும். திருகுவது, தூக்குவது, அறுப்பது போன்ற வேலைக்கு முன் கட்டி, முடிந்ததும் கழற்றுங்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் தளர்த்துவதும் நல்லது. கை வீங்கினாலும் நிறம் மாறினாலும் உடனே கழற்றணும்.

அளவும் பாருங்கள். முன்கையின் தடித்த இடத்தை டேப்பால் சுற்றி அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் அட்டவணையோடு ஒப்பிடணும். பெரிய அளவு வாங்கினால் வியர்வையில் மணிக்கட்டை நோக்கி வழுக்கும். அதைத் தடுக்கத்தான் எல்லோரும் கண்டபடி இறுக்குகிறார்கள். உறை மாதிரி மாட்டும் துணி ஸ்லீவ் வேறு சமாச்சாரம். அது கதகதப்பு தரும், பேட் அமுக்குகிற மாதிரி ஒரே இடத்தில் அமுக்காது.

கைமருத்துவம்:
மரத்துப்போவதைச் சாதாரணமாக விடாதீர்கள் அண்ணா. புறங்கையின் கட்டைவிரல் பக்கத்துக்கு உணர்ச்சி தரும் ரேடியல் நரம்பு, நீங்கள் பேண்ட் கட்டும் பக்கமாகத்தான் முன்கையில் இறங்குகிறது. இரண்டு மூன்று நாள் பேண்டே வேண்டாம். அப்போதும் மரமரப்பு இருந்தாலோ, விரல்களை நீட்ட பலம் குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பில் அல்லாமல் நாலைந்து செ.மீ. கீழே சதைக்குள் வலித்தால், நரம்பே அங்கே நெருக்கப்பட்டிருக்கலாம். அதற்குப் பேண்ட் கட்டினால் நிலைமை மோசமாகும். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலிக்கும் பேண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பேண்ட் வலியை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தசைநாண் தேற உடற்பயிற்சி வேண்டும். முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழே பார்க்கட்டும். கையில் அரை கிலோ எடை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். மற்ற கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, தினம் ஒருவேளை. பேண்டைக் கழற்றிவிட்டுச் செய்யணும். பத்துக்கு மூன்று நாலு அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலையும் கூடுதலாக இருந்தால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசிக்குப் போகாதீர்கள். முதல் சில வாரம் பிரமாதமாக இருக்கும். ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட மோசமான பலன்தான் ஆய்வுகளில் வந்திருக்கிறது.

உளியும்_சுத்தியும்:
நன்றி. மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்டையும் சேர்த்துப் போடலாமா?

பிசியோ_மதுரை:
இரண்டும் சேர்ந்து வேண்டாம். சும்மா இருக்கும்போதே வலித்தால் மணிக்கட்டு ஸ்ப்ளின்ட் ஓய்வு தரும், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் போட்டால் மணிக்கட்டு இறுகிப்போகும், பலமும் குறையும். வேலை செய்யும்போதுதான் வலியென்றால் பேண்ட் போதும். கூடவே, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் ரப்பர் சுற்றித் தடிமனாக்குங்கள், திருகும்போது முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். வாளியையும் பலகையையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.