கப்பலூர் கம்பெனியில புதுச் சங்கம்: பதிவுக்கு எத்தனை பேர் வேணும்?

வைகைக்கரை:
மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில ஒரு உதிரிபாகக் கம்பெனி. நிரந்தரம் 110 பேர், காண்ட்ராக்ட் 70 பேர். சங்கம் பதிய 7 பேர் போதும்னு சிலர் சொல்றாங்க, 10 சதவீதம் வேணும்னு சிலர். எது சரி? பதிவானா நிர்வாகம் பேச உட்கார்ந்தே ஆகணுமா? காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்கணுமா?

மூணாம்_ஷிப்ட்:
ரெண்டும் சரி. விண்ணப்பத்துல கையெழுத்துக்கு 7 பேர் போதும். ஆனா விண்ணப்பிக்கிற அன்னைக்கு மொத்தத் தொழிலாளர்ல 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினரா இருக்கணும். 180க்கு 18. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்துலயும் இதே கணக்குதான்.

7 கையெழுத்தோட மட்டும் போயிடாதீங்க தோழர். சான்று வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல விலகிட்டா விண்ணப்பம் செல்லாது. 4 பேரை ஆபீசுக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கினா கதை முடிஞ்சது. 25, 30 பேர் போடுங்க. எல்லா ஷிப்ட்லயும் எல்லா செக்‌ஷன்லயும் ஆள் இருக்கட்டும்.

பொதுக்குழுத் தீர்மானம், விதிமுறைகள், நிர்வாகிகளோட பேர், வயசு, தொழில், முகவரி, உறுதிமொழிப் பத்திரம் வேணும். சந்தா, நிதிச் செலவு, ஆண்டுத் தணிக்கை, தேர்தல், சங்கத்தைக் கலைக்கிற முறை, இதுல எது விதிமுறையில விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவாங்க. வெளியாள் நிர்வாகிகள் மூணுல ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அவ்வளவுதான்; 9 பேர் குழுவுல 3 பேர்.

கம்பெனி பேரைச் சங்கத்துக்கு வச்சா ஆட்சேபனை வரும்னு எதிர்பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில அந்த ஆட்சேபனை வந்துச்சு. 2024ல 37 நாள் வேலைநிறுத்தம் நடந்து, 2025 ஜனவரியிலதான் பதிவே கிடைச்சது.

பஞ்சாலைக்காரன்:
பதிவு வேற, அங்கீகாரம் வேற. சங்கம் ஒண்ணுதான்னா, விதிகள்ல சொல்ற தகுதி அதுக்கு இருந்தா, நிர்வாகம் அதையே பேச்சுவார்த்தைச் சங்கமா ஏத்துக்கணும். ரெண்டு மூணு இருந்தா 51 சதவீதத் தொழிலாளர்கள் யார் பக்கமோ அவங்க. யாருக்கும் அது இல்லேன்னா 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் கவுன்சில். அதனாலதான் நீங்க பதிஞ்ச கையோட நிர்வாகமே ஒரு சங்கத்தைக் கிளப்பிவிடப் பார்க்கும். சந்தா ரசீதுல வரிசை எண், தேதி, உறுப்பினர் கையெழுத்து மூணும் இருக்கட்டும். பெரும்பான்மையை நிரூபிக்க உங்ககிட்ட இருக்கிறது அதுதான்.

வேலைநிறுத்தத்தை நம்பித் திட்டம் போடாதீங்க. நோட்டீஸ் கொடுத்து 14 நாளுக்குள்ள இறங்கக் கூடாது. அதுக்குள்ள சமரச அதிகாரி (தகராறைப் பேசித் தீர்த்துவைக்கிற அரசு அதிகாரி) முதல் கூட்டத்தைப் போட்டுட்டா, சமரசப் பேச்சு முடிஞ்சு 7 நாள் வரைக்கும் தடை. பாதிப்பேர் சேர்ந்து லீவு போட்டாலும் வேலைநிறுத்தக் கணக்குதான். 10 பேரோ அதுக்கு மேலயோ நோட்டீஸ் இல்லாம, சரியான காரணமும் இல்லாம ஒண்ணா வேலைக்கு வராம நின்னா 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். உழைப்பை நிறுத்துறது ஒண்ணுதான் தொழிலாளி கையில இருக்கிற பலம். அதையே இப்படிக் கட்டிப் போடுறது பெரிய அநியாயம்.

தறிநாடா:
காண்ட்ராக்ட் ஆட்களைக் கட்டாயம் சேருங்க. 110 பேர் வெளியே நின்னாலும் 70 பேரை வச்சு லைனை ஓட்டிட்டா பேரம் எங்கே? தமிழ்நாட்டு 1981 நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாசத்துல 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கணும். இதைத் தட்டிக்கழிக்கத்தான் வருஷா வருஷம் காண்ட்ராக்டர் பேரை மாத்துறாங்க, மெஷின் மாறாது. பிஎஃப் பாஸ்புக், ஈஎஸ்ஐ சந்தா விவரம், ஷிப்ட் பட்டியல் போட்டோ எல்லாத்தையும் அந்த 480 நாளுக்கு ஆதாரமா மாசாமாசம் எடுத்து வைக்கச் சொல்லுங்க.

வைகைக்கரை:
நிர்வாகிகள் பட்டியலைக் கம்பெனிக்கு எப்ப அனுப்புறது?

மூணாம்_ஷிப்ட்:
விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்கின அன்னைக்கே, பதிவுத் தபால்ல. இல்லேன்னா ஆளை நீக்கிட்டு, "சங்கம் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்வாங்க. அப்படி நீக்கினா உடனே சமரச அதிகாரிகிட்ட மனு போடுங்க, 45 நாள்ல தீரலேன்னா நேரா தீர்ப்பாயம் போகலாம். 2 வருஷம் தாண்டிட்டா சமரசத்துக்கே எடுக்க மாட்டாங்க.