மூன்று சென்ட் குளத்தில் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன: காரணம் கண்டறிய உதவி வேண்டும்

கேள்வி (கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, சித்தூர் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே மூன்று சென்ட் பரப்பில், ஆறடி ஆழத்தில் மண்குளம் வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் சேர்த்து 350 குஞ்சுகள் விட்டு வளர்த்து வருகிறோம். கட்லாக்கள் முக்கால் கிலோவைத் தாண்டிவிட்டன. மாலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுகிறோம். தொழுவம் கழுவும் தண்ணீரும் சிறு வாய்க்கால் வழியாகக் குளத்தில்தான் சேருகிறது.

சென்ற வாரம் கடும் வெயிலுக்குப் பிறகு கோடை மழை ஒன்று கொட்டியது. மறுநாள் காலையில் பெரிய கட்லாக்கள் வயிறு மேலாக மிதந்தன. அதிலிருந்து வானம் மூடியே கிடக்கிறது; ஒவ்வொரு காலையும் சில மீன்கள் சாகின்றன. வேலிக்கு அப்பால் இருக்கும் தக்காளித் தோட்டத்தில் மழைக்கு முன் மருந்து அடித்தார்கள். அந்த மருந்து வழிந்து வந்ததுதான் காரணம் என்று என் தகப்பனார் உறுதியாக நம்புகிறார். நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும் என்கிறார். இரண்டு தலைமுறையாகப் பழகும் குடும்பத்தினரிடம் ஆதாரம் இல்லாமல் ஒரு சொல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மைக் காரணத்தை எப்படிக் கண்டறிவது?

பதில் (ஆனைமலை, மீன் வளர்ப்பவர்)

தம்பி, முதலில் செத்த மீன்களை எல்லாம் எடுத்துத் தள்ளிப் புதைத்துவிடுங்கள். காரணம் தெரியும் வரை சமைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். இன்றிலிருந்து தீனியையும் நிறுத்துங்கள். பிறகு சிலவற்றைக் கவனித்து எழுதுங்கள். மீன்கள் எந்த நேரத்தில் சாகின்றன? விடியும் முன்னே குளத்தருகே போனால், உயிருள்ள மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா, வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுகின்றனவா? சாவது பெரியவையா, சின்னவையா? குளத்தில் விராலோ கெளுத்தியோ இருந்தால் அவை எப்படி இருக்கின்றன? தவளை, நத்தை, தண்ணீரின் மேல் ஓடும் பூச்சிகள் உயிரோடு இருக்கின்றனவா? தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் மறக்காமல் சொல்லுங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள். அது சிவந்திருக்கிறதா, சாக்லேட் நிறத்தில் பழுப்பேறியிருக்கிறதா என்பது மிக முக்கியம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இன்று இருட்டு விலகும் முன்பே டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேற்பரப்பு முழுவதும் வட்ட வட்டமாக வாய்கள். வெளிச்சம் பட்டும் அவை கலைந்து ஓடவில்லை. போர்வெல் தண்ணீர் விழும் மூலையில் மட்டும் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. எட்டு மணிக்கு மேல் அத்தனையும் உள்ளே போய்விட்டன. பகலில் ஒன்றுகூடச் சாகவில்லை. சாகின்றவை பெரும்பாலும் பெரிய கட்லாக்கள். கரையோரப் பொந்தில் தானாக வந்து சேர்ந்த விரால் ஒன்று இருக்கிறது. அதற்கு எதுவும் ஆகவில்லை. தவளைகளும் நத்தைகளும் இருக்கின்றன. மழைக்கு முன் தண்ணீர் அடர்ந்த பச்சையாக இருந்தது. இப்போது பழுப்பும் சாம்பலும் கலந்து தெரிகிறது. கலக்கினால் அழுகிய முட்டை வாடை வருகிறது. செவுள் சிவப்பாகத்தான் இருக்கிறது. வாய் அகலத் திறந்தபடி செத்திருக்கின்றன. உடம்பில் புண் ஏதும் இல்லை.

பதில் (வேலந்தாவளம், காய்கறி விவசாயி)

நானும் தக்காளி போடுகிறவன். தோட்டக்காரர் பக்கம் பேசுவதாக எண்ண வேண்டாம். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும் என்பது உண்மை. ஆகவே மருந்து என்ற சந்தேகத்தை ஒரே பேச்சில் ஒதுக்கிவிடக் கூடாது. என்ன மருந்து, எந்த நாளில் அடித்தது என்று தோட்டக்காரரிடம் குற்றம் சாட்டாமல் கேளுங்கள். பெரும்பாலும் டப்பாவையே எடுத்துக் காட்டுவார். மழை நீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதையும் மண்ணில் உள்ள அரிப்புத் தடத்தை வைத்துப் பாருங்கள்.

பதில் (மீன்வளம் படித்தவர், பாலக்காடு)

மேலே இருவரும் சரியான திசையில்தான் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மருந்தைவிட உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவின் மேல்தான் அதிகச் சந்தேகம். அந்த வகை மருந்து கலந்திருந்தால் மீனுக்கு முன்பே பூச்சிகளும் தும்பியின் இளம்புழுக்களும் செத்திருக்கும். குஞ்சுகள் முதலில் போகும். பகல், இரவு என்ற பாகுபாடும் இருக்காது. உயிர்வளி குறையும்போது பெரிய மீன்களே முதலில் சாகும், விடியற்காலையில்தான் சாகும், காற்றை நேரடியாக விழுங்கி வாழக்கூடிய விரால் பிழைத்துக்கொள்ளும். உங்கள் குளத்தில் நடப்பது இதுதான்.

அதன் இயக்கத்தைச் சொல்கிறேன். பச்சைத் தண்ணீரில் உள்ள மிதவைப் பாசி பகலில் உயிர்வளியை வெளிவிடும். இரவில் மீனைப் போலவே அதுவும் உயிர்வளியை இழுக்கும். தொழுவத் தண்ணீரும் தவிடும் உரமாகிப் பாசி மிஞ்சும்போது, விடியும் நேரத்தில் தண்ணீரில் எதுவும் மிஞ்சுவதில்லை. 30 டிகிரி வெப்பத்தில் காற்றிலிருந்து தண்ணீர் தாங்கக்கூடிய உயிர்வளியே லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான், கட்லா போன்ற கெண்டை இன மீன்களுக்கு 5க்கு மேல் இருப்பது நல்லது, 3க்குக் கீழே போனால் திணறும். இதன்மேல் மழையும் பெய்திருக்கிறது. வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி அடித்தண்ணீரின் மேல் தனி அடுக்காக நின்றிருக்கும். குளிர்ந்த மழைநீர் கீழிறங்கும்போது, உயிர்வளியே இல்லாத, சேற்றில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நிறைந்த அடித்தண்ணீர் மேலே புரண்டுவிடும். நீங்கள் சொன்ன அழுகிய முட்டை வாடை அதுதான். மூடிய வானத்தில் பாசியும் செத்து அழுகத் தொடங்கியதால் நிறம் பழுப்பாகியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அலை எழும்பித் தண்ணீர் தானாகவே காற்றைக் கலந்துகொள்ளும். காற்று ஓய்ந்த இந்த நாட்களில், அதுவும் தென்னைகளுக்கு நடுவே, அந்த உதவி இல்லை.

இவ்வளவும் ஊகமாக இருக்க வேண்டாம். உங்கள் தகப்பனாரின் கண் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு வாளிகளில் குளத்துத் தண்ணீரையே விடியற்காலையில் மொண்டு, ஒவ்வொன்றிலும் வெளியிலிருந்து வாங்கிய சில சின்ன ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டு, இரண்டிலும் மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாயைப் போடுங்கள். மூன்றாவது வாளியில் ஒரு நாள் ஆறவைத்த கிணற்றுத் தண்ணீரும் அதே குஞ்சுகளும் காற்றும் இருக்கட்டும். ஒரு முழு நாள் கழித்து, காற்று ஊதிய குளத்து நீரிலும் குஞ்சுகள் செத்தால் நஞ்சு என்று எடுத்துக்கொண்டு, தண்ணீரையும் சாகும் நிலையிலுள்ள மீனையும் ஐஸில் வைத்து மீன்வளத் துறைக்குக் கொண்டுபோக வேண்டும். அவை நலமாக இருந்தால் குறை காற்றில்தான் இருந்திருக்கிறது.

அதுவரை இரவு இரண்டு மணியிலிருந்து விடியும் வரை போர்வெல் மோட்டார் ஓடட்டும். குழாயைத் தண்ணீருக்குள் முக்கிவிடாதீர்கள்; ஆழ்துளைத் தண்ணீரிலேயே உயிர்வளி மிகக் குறைவு. துளையிட்ட தகரத்தின் மேல் விழச் செய்து, சிதறித் தெறித்து இறங்கும்படி அமைக்க வேண்டும். அடிச்சேற்றைக் கலக்கவே கூடாது.

பதில் (பொள்ளாச்சி)

பாசிதான் பிரச்சினை என்றால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் கொன்றுவிடலாமே? சுண்ணாம்பும் தூவலாம்.

பதில் (மீன்வளம் படித்தவர், பாலக்காடு)

இந்த நிலையில் இரண்டும் வேண்டாம், ஐயா. பாசியை ஒரே நேரத்தில் கொன்றால் அது அழுகும்போது மிச்சமுள்ள உயிர்வளியும் போய்விடும். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடக் கூடத் தண்ணீரில் உள்ள அம்மோனியா நஞ்சாக மாறும் பங்கும் கூடும். பி.எச். அளவு 7 இருக்கும்போது நஞ்சான பங்கு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. 9ஐத் தொட்டால் அது பல மடங்கு உயர்ந்துவிடும். அளந்து பார்க்காமல் எதையும் கொட்டாதீர்கள்.

கேட்டவர்

வாளிச் சோதனையில் மூன்று வாளிகளிலும் குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி வாங்கி அளந்தேன். விடியும் முன் உயிர்வளி லிட்டருக்கு 1 மில்லிகிராம், பிற்பகல் மூன்று மணிக்கு 9. தோட்டக்காரரிடம் டப்பாவைக் கேட்டேன். வேப்பெண்ணெய்க் கரைசல்தான் அடித்திருக்கிறார். மழை நீர்த் தடமும் எங்கள் குளத்துக்கு வராமல் தெற்கே ரோட்டு ஓரமாக இறங்கியிருக்கிறது. அப்பா வாளிகளைத் தாமே வந்து பார்த்துவிட்டு, தோட்டத்துக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டார். தகரம் வைத்து மோட்டார் ஓட்டிய பிறகு சாவு நின்றுவிட்டது. தொழுவ வாய்க்காலைத் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டோம். இனி எத்தனை மீன் வைத்திருக்கலாம்?

பதில் (ஆனைமலை, மீன் வளர்ப்பவர்)

காற்றூட்டும் இயந்திரம் இல்லாத மண்குளத்துக்குச் சென்ட்டுக்கு 40 என்பதே கணக்கு, தம்பி. உங்கள் மூன்று சென்ட்டுக்கு 120. மிச்சத்தை இப்போதே பிடித்து விற்றுவிடுங்கள். தீனியை மாலையில் போடாமல் வெயில் ஏறிய பிறகு, அரைமணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். பிடித்து முடித்துக் குளம் வற்றும் சமயத்தில் அடிச்சேற்றை வாரித் தென்னைக்குப் போட்டுவிட்டு, தரை வெடிக்கும் வரை காயவிட்ட பிறகு அடுத்த குஞ்சுகளை விடுங்கள்.