ஓணம் வரும் ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு வேலை எடுப்பது?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மென்பொருள் குழுவில் ஏழு பேர். நால்வர் பாலக்காட்டுப் பக்கம், மூவர் கோவை. இரண்டு வார ஸ்பிரிண்ட் (குறிப்பிட்ட வேலைகளை எடுத்து முடிக்கும் காலக்கூறு) என்றால் 70 ஆள்நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை). வாடிக்கையாளர் புகார்களுக்கே ஒருவர் முழுநேரமும் போய்விடுவதால் (இம்முறை கோவைக்காரர்) 60தான் மிஞ்சும். கடந்த மூன்று ஸ்பிரிண்டுகளில் 38, 41, 35 புள்ளிகள் (வேலையின் அளவை மதிப்பிடும் அலகு) முடித்தோம், சராசரி 38.

அடுத்த ஸ்பிரிண்டில் ஓணம். பாலக்காட்டு நால்வருக்கும் தலா நான்கு நாள் விடுப்பு. 16 போக 44. அந்த விகிதத்தில் 28 புள்ளிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது என் கணக்கு. மேலிடமோ 40 கேட்கிறது. திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று யாரையும் மடிக்கணினியோடு உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

இன்னொரு சிக்கல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. சோதனையாளர்கள் இருவருமே அந்த நால்வரில் அடக்கம். மொத்தக் கூட்டலில் இது தெரிவதே இல்லை. எழுதி முடித்த நிரல் சோதிக்க ஆளின்றித் தேங்கி, அதற்கடுத்த ஸ்பிரிண்டையும் விழுங்கிவிடும். நீங்கள் ஆள்நாளைத் திறன்வாரியாகப் பிரித்துக் கணக்கிடுகிறீர்களா? நான்கைந்து ஸ்பிரிண்டுகளுக்குச் சேர்த்துத் திட்டமிடும் விரிதாள் மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். பொங்கலுக்குக் கோவை மூவரும் இருக்க மாட்டார்கள். திட்டக் கூட்டம் வியாழக்கிழமை.